குறைமாதப் பிள்ளையின் மூச்சு: வைத்தியர் பதில்

கேள்வி: மகன் 29 வாரத்தில், 1,150 கிராம் நிறையுடன் பிறந்தான். மூக்கில் குழாய் வைத்து, தண்ணீர்ப் போத்தலில் குமிழி விட்டபடி 11 நாள் இருந்தான். 21ஆம் நாள் ஒட்சிசனும் நிறுத்தினார்கள். இப்போது 9 வாரம், வீட்டில் இருக்கிறோம். நித்திரையில் சில வினாடி மூச்சு நின்று, பிறகு கடகடவென்று எடுக்கிறான். அந்தக் காற்று நுரையீரலைப் பழுதாக்கிவிட்டதா? ஏணையில் போடலாமா?
ஒரு தாய், நிலாவெளி, திருகோணமலை

பதில்: பழுதாக்கவில்லை அம்மா, காப்பாற்றியிருக்கிறது. மூச்சை விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது சர்ஃபக்டன்ட் என்னும் பொருள். கருவில் அது போதிய அளவு ஊற 34, 35 வாரமாகும். அது குறைவாக இருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிய அறைகளைப் புதிதாகத் திறக்க வேண்டும், பிள்ளை களைத்துப்போகும். நீங்கள் பார்த்தது சீபாப் (CPAP), மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் கொடுக்கும் முறை. மூச்சு வெளியேறும் குழாயின் நுனி தண்ணீருக்குள் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால், நுரையீரலுக்குள்ளும் ஏறக்குறைய அந்த அழுத்தமே நிற்கும். அறைகள் மூடாது, மூச்சை எடுப்பது பிள்ளைதான். குமிழி நின்றால் நேர்ஸ் ஓடிவருவதற்குக் காரணமும் உண்டு: மூக்குக் குழாய் விலகியிருக்கும், அல்லது வாய் திறந்து காற்றுக் கசிந்திருக்கும். வென்டிலேற்றர் போல இது மூச்சைத் தள்ளி ஏற்றுவதில்லை. அதனால் காயமும் குறைவு.

28 நாளும் அதற்கு மேலும் ஒட்சிசன் தேவைப்பட்டால்தான் நாட்பட்ட நுரையீரல் நோய் என்று யோசிப்போம். உங்கள் மகன் அதற்கு முன்பே தப்பிவிட்டான். ஆனால் ஒட்சிசன் பெற்ற பிள்ளை என்பதால் விழித்திரைப் பரிசோதனை நடந்ததா என்று டயக்னோசிஸ் கார்டில் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே கேளுங்கள்.

இனி நித்திரை மூச்சு. 5 முதல் 10 வினாடி நின்று, பிறகு வேகமாக எடுத்து, நிறம் மாறாமல் இருந்தால் அது முதிராத மூளையின் தாளம். பிறக்க வேண்டிய நாள் கடந்து சில வாரங்களில் அடங்கும். மூச்சை எண்ணுவதென்றால் நித்திரையில் வயிறு எழும்புவதை முழு 1 நிமிடம் எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் இந்தப் பிள்ளைகளில் கணக்குப் பிழைக்கும். 60க்கு மேல் தொடர்ந்து இருந்தால், விலா இடுக்கு உள்ளே இழுத்தால், முனகினால், பால் குடிக்க மறுத்தால் உடனே வைத்தியசாலைக்கு. 20 வினாடி நின்றாலோ, நாக்கு நீலமானாலோ உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள். எழும்பாவிட்டால் ஒருவர் 1990 அம்புலன்சுக்கு அழைக்க, மற்றவர் பிள்ளையின் வாயையும் மூக்கையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு மட்டும் மெதுவாக ஊத வேண்டும். கைகால் மட்டும் நீலமாக இருப்பது பெரும்பாலும் குளிர்.

ஏணை வேண்டாம். துணி தொய்யும்போது நாடி (மோவாய்) நெஞ்சில் இடித்து மூச்சுக்குழாய் மடியும். தலையணை இல்லாமல், உறுதியான சமதளத்தில் மல்லாத்தி வளர்த்துங்கள். வார்டில் குப்புறப் போட்டது மொனிற்றர் இருந்ததால். வீட்டில் அது ஆபத்து.

புகை விஷயத்தில் மட்டும் மாமியாரோடு கொஞ்சம் முரண்டுபிடியுங்கள். முழுக்காட்டியதும் சாம்பிராணி பிடிப்பது, நுளம்புத்திரி, அறைக்குப் பக்கத்தில் விறகடுப்பு, பீடி குடித்த சட்டையோடு தூக்குவது எதுவும் கூடாது. காற்றறைகள் இன்னும் 2, 3 வருடத்துக்கு வேகமாகப் பெருகும். புகை அந்த வளர்ச்சியைக் கெடுக்கும். தலையைத் துணியால் துவட்டினால் போதும், நுளம்புக்கு வலை கட்டுங்கள்.

ஐப்பசி முதல் தை வரை மழையில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருக்கும்போது தடிமன் பரவும். மூக்கு ஒழுகுகிறவர் யாராயினும் பிள்ளையைத் தூக்க வேண்டாம். தடுப்பூசிக்குப் பிறந்த நாளே கணக்கு, குறைமாதத்தைக் கழிக்கக் கூடாது. 2 மாத ஊசி இப்போது வந்துவிட்டது, மருத்துவமாதுவிடம் கேளுங்கள். முதல் இரண்டு வருடங்களில் தடிமன் வந்தால் மற்றப் பிள்ளைகளைவிட எளிதாக மூச்சு இழுப்பு வரலாம். எந்த வைத்தியரிடம் போனாலும் "29 வாரத்தில் பிறந்தவன்" என்பதை முதலில் சொல்லுங்கள். இருமல் பாணி மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.