வாசல் தாரில் டீசல், அடுப்புச் சூடு, பாசி, துரு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வாசலில் லொறி நின்ற இடத்தில் டீசல் ஒழுகிவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால் போகுமா? (ஹட்டன்)

வேண்டவே வேண்டாம். தார் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. டீசல், பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் எல்லாமே அதைக் கரைக்கும். கறையைப் போக்கப்போய் தாரையே போக்கிவிடுவீர்கள்.

இன்று ஒழுகியதென்றால் காய்ந்த மணலோ மரத்தூளோ கொட்டி ஒரு மணி நேரம் ஊறவிட்டு அள்ளுங்கள். அப்போது தேய்த்தால் டீசல் பரவும். பிறகு ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் 50 மில்லிலீற்றர் கலந்து, தும்புத்தடியால் தேய்த்து அலசுங்கள். கம்பி பிரஷ் கூடாது. அந்த நீர் பீலிக்கோ ஓடைக்கோ இறங்கும் கானில் விழாதபடி மணலால் மறியுங்கள். கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

காய்ந்ததும் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அது வெறும் கறை, வெயிலும் மழையும் மங்கச் செய்யும். முனை இறங்கினாலோ சல்லி கழன்றாலோ எவ்வளவு கழுவியும் பயனில்லை. உறுதியான தார் தென்படும்வரை சதுரமாக வெட்டி எடுத்து, குழியின் அடியிலும் பக்கங்களிலும் தார் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பூசுங்கள். பூசும்போது பழுப்பாக இருக்கும். கறுத்த பிறகே குளிர் தார்க்கலவையை (சூடாக்காமல் போடும் தார், சல்லிக் கலவை) நிரப்ப வேண்டும். பனிமூட்டத்தில் கறுக்க வெகுநேரம் எடுக்கும். அவசரப்பட்டால் ஒட்டாது, முதல் மழையிலேயே பெயர்ந்துவிடும். 5 சென்டிமீற்றருக்கு மேல் ஆழமென்றால் இரண்டு அடுக்காக நிரப்பி, ஒவ்வொன்றையும் கனமான கட்டையால் இடித்து, மேற்பரப்பை 5 மில்லிமீற்றர் உயர்த்தி விடுங்கள். சக்கரம் ஏற ஏற அமுங்கிச் சமமாகும். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரையே இதற்கு ஏற்ற காலம்.

தைப்பொங்கல் அடுப்பு வைத்த இடத்தில் சல்லி உதிர்கிறது. (பண்டாரவளை)

தார் ஏறத்தாழ 50 பாகை செல்சியசிலேயே இளகும். விறகுத் தணலில் அது எரிந்துபோய் சல்லி பிடிப்பின்றி நிற்கிறது. உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி, எமல்ஷன் பூசி, பொடிச்சல்லி தூவி அழுத்துங்கள். குழி விழுந்திருந்தால் மேலே சொன்னபடி வெட்டி நிரப்ப வேண்டும். அடுத்த பொங்கலுக்கு அடுப்பை மண்தரையில் மூட்டுங்கள்.

பாசி படிந்து வழுக்குகிறது. (நுவரெலியா)

ஒரு பங்கு ப்ளீச், பத்துப் பங்கு தண்ணீர். மழையில்லாத நாளில் தெளித்து, 20 நிமிடம் கழித்துத் தேய்த்து நிறையத் தண்ணீரால் அலசுங்கள். அருகில் செடிகள் இருந்தால் முதலில் அவற்றை நனைத்துவிடுங்கள். உயர் அழுத்தப் பம்பை ஓரடிக்குள் பிடித்தால் பாசியோடு சல்லியும் பறக்கும்.

கூரைத் தகரத்திலிருந்து சொட்டித் துருக்கறை. (தலவாக்கலை)

ஒரு லீற்றர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் ஒக்சாலிக் அமிலம். கையுறை கட்டாயம். 15 நிமிடம் விட்டுத் தேய்த்து அலசுங்கள். இது நஞ்சு, பிள்ளைகளையும் நாயையும் அண்டவிடாதீர்கள். ப்ளீச் போட்ட இடமென்றால் நன்றாக அலசி, மறுநாள் போடுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். பீலிப்பட்டை கட்டிச் சொட்டை நிறுத்தாவிட்டால் துரு மறுபடியும் படியும்.