குழலின் மேல் ஒரு பெயர்

போன இதழில், அமெரிக்காவின் பழைய நீளக்குழல் ரைஃபிள்களைப் பார்த்து நான் கையால் புதிதாகச் செய்வது பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கோயம்புத்தூர் ஃபவுண்டரியில் வார்ப்புக்கு மாதிரியாகும் மரப் பேட்டர்ன் செய்துகொண்டிருந்தவன் நான். பிறகு வேலைக்காகப் பென்சில்வேனியா வந்து, லங்காஸ்டர் பக்கத்திலேயே தங்கிவிட்டேன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பதில் எழுத இடமில்லை. அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் ‘கென்டக்கி ரைஃபிள்’ என்கிறார்கள். நீங்கள் மட்டும் பென்சில்வேனியா என்கிறீர்களே?
*– வாசகர், திருச்சி*

பெயர் கென்டக்கி, பிறந்த வீடு பென்சில்வேனியா. 1700களின் தொடக்கத்தில் ஜெர்மன் பேசும் ஊர்களிலிருந்து குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள் லங்காஸ்டர் பகுதியில் பட்டறை போட்டார்கள். ஊரில் அவர்கள் செய்து பழகியது ‘யேகர்’ என்னும் வேட்டைத் துப்பாக்கி. குட்டையான குழல், பெரிய துவாரம், குழலைத் தாங்கும் தடித்த மரக் கட்டை. இங்கே வந்து இரண்டு தலைமுறைக்குள் அதே துப்பாக்கி நீண்டு மெலிந்து வேறு ஒன்றாகிவிட்டது. மேரிலாந்து, வர்ஜீனியா, வட கரோலினா என்று அப்பலாச்சியன் மலையடிவாரம் நெடுக இந்த வேலை பரவியது. மலையைத் தாண்டிக் கென்டக்கிக்குப் போன வேட்டைக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போனது இதைத்தான். 1815இல் ஆங்கிலேயரோடு நடந்த நியூ ஆர்லியன்ஸ் சண்டைக்குப் பிறகு கென்டக்கி வீரர்களைப் புகழ்ந்து வந்த ஒரு பாட்டு நாடெங்கும் பரவ, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. லங்காஸ்டரில் இருப்பவனுக்கு அது கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு நீளம்? காட்டில் தூக்கிக்கொண்டு நடக்கச் சிரமமில்லையா?
*– வாசகி, ஈரோடு*

குழல் மட்டும் 42 முதல் 46 அங்குலம் வரை இருக்கும். நீளத்தால் குறிபார்க்கும் இரண்டு முனைகளுக்கும் நடுவே தூரம் கூடுகிறது. கண்ணின் சிறு பிழை குறைகிறது. முன்பாரம் இருப்பதால் கையில் ஆடாமல் நிற்கும்.

நீளத்தைவிட எனக்குப் பிடித்தது துவாரத்தைச் சிறிதாக்கிய கணக்கு. 0.60 அங்குலக் குண்டு வார்த்தால் ஒரு பவுண்டு ஈயத்துக்கு 21, 22 வரும். 0.45 அங்குலம் என்றால் 50 வந்துவிடும். மாதக்கணக்கில் கடைகண்ணி இல்லாத இடத்துக்குப் போகிறவன் ஈயத்தையும் வெடிமருந்தையும் முதுகில் சுமக்க வேண்டும். அவனுக்கு இது பெரிய விஷயம்.

குழலின் உள்ளே திருகிச் செல்லும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழல வைக்கின்றன. ஏறக்குறைய 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு துவாரத்தைவிட ஒரு மயிரிழை சிறியது. கொழுப்பு தடவிய துணித்துண்டில் பொதிந்து குழலின் வாய் வழியாக இறக்கினால், அந்தத் துணிதான் பள்ளத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்பக்கக் கட்டையில் பித்தளை மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்று இருக்குமே, அது இந்தத் துணித்துண்டுகள் வைப்பதற்குத்தான்.  

நான் தச்சு வேலை செய்கிறேன். படத்தில் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது போலிருக்கிறது. எப்படிப் பதிக்கிறீர்கள்?
*– வாசகர், கும்பகோணம்*

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன், தம்பி.

சிக்கிமுக்கிக் கல்லை அடித்துப் பொறி கிளப்பும் லாக் என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை நீளத் தகடு, அதன் உள்பக்கம் வில்லும் திருகும் நெம்பும். அத்தனைக்கும் மரத்தில் தனித்தனிக் குழி வேண்டும். முதலில் தகட்டின் ஓரத்தைக் கூர்முனையால் மரத்தில் கீறிக்கொள்வேன். கோட்டுக்கு உள்ளேயே நின்று உளியால் எடுப்பேன். பிறகு மெழுகுவர்த்திச் சுடருக்கு மேல் தகட்டைக் காட்டினால் கரி படியும். அந்தக் கரியோடு குழியில் வைத்து, கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. வெளியே எடுத்தால் இரும்பு எங்கே முட்டுகிறதோ அங்கே மட்டும் மரத்தில் கறுப்பு இருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் சீவ வேண்டும். கரி பிடிக்காத இடத்தைத் தொடக் கூடாது. மறுபடி கரி, மறுபடி தட்டு, மறுபடி சீவு. தொடக்கத்தில் நான்கைந்து புள்ளிகள்தான் தெரியும். போகப் போகக் கறுப்பு பரவி, குழி முழுக்க ஒரே சீராகப் படியும் நாள் வரும். ஒரு லாக்குக்கு நான் நூறு தடவைக்கு மேல் வைத்து எடுக்கிறேன்.

ஃபவுண்டரியில் இரண்டு முகம் சரியாகச் சேர்கிறதா என்று பார்க்க நீலச் சாயம் தடவுவோம். முதல் நாள் இங்கே ஒரு பெரியவர் மெழுகுவர்த்தியைக் கொளுத்தியபோது, ‘அட, நம்ம வேலைதானே’ என்று எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. அவரிடம்தான் ஆறு வருஷம் சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: மரத்தின் ஓட்டத்தைப் பாருங்கள். கை பிடிக்கும் மெலிந்த கழுத்தில் ரேகை குறுக்கே வெட்டினால் கட்டை ஒருநாள் அங்கேதான் முறியும். பழைய ரைஃபிள்களில் பாதிக்குக் கழுத்தில் பித்தளைத் தகடு சுற்றி ஒட்டுப்போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மரத்தில் புலி வரி போல இருக்கிறதே, அது வர்ணமா?
*– வாசகி, நாகர்கோவில்*

வர்ணமில்லை. மேப்பிள் மரத்தின் நாரே சில மரங்களில் அலை அலையாக ஓடும். வயலின் பின்பலகையில் பார்த்திருப்பீர்கள், அதே மரம்தான். சீவி முடித்தால் வெள்ளையாகத்தான் இருக்கும், வரி லேசாகத்தான் தெரியும். அதன்மேல் நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்த நீரைப் பூசுவார்கள். அந்தக் கால முறையே அது. பூசிக் காய்ந்ததும் பார்த்தால் மனசு உடைந்துவிடும்; மரம் பச்சையும் சாம்பலுமாக நோய் பிடித்ததுபோல் நிற்கும். காய்ச்சிய இரும்பை ஒட்டாமல் பக்கத்தில் கொண்டுபோனால், சூடு படப் பட அந்தப் பச்சை நகர்ந்து செம்பழுப்பு எழுந்து வரும். நாரின் முனை மேலே வரும் இடங்கள் அதிகமாகக் குடித்துக் கறுக்கும், மற்றவை வெளிறி நிற்கும். வரி அப்படித்தான் வருகிறது. ஆளிவிதை எண்ணெய் தேய்த்ததும் கையைத் திருப்பத் திருப்ப வரி இடம் மாறும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிஷத்துக்காகக் காத்திருக்கிறேன்.

எல்லாமே கையாலா? குழலுமா?
*– வாசகர், மதுரை*

இல்லை. குழல் நான் விலைக்கு வாங்குகிறேன். அப்படியும் ஒரு ரைஃபிளுக்கு எனக்கு 250 மணி நேரம் ஆகிறது. பட்டை இரும்பை உலையில் காய்ச்சி, கம்பியைச் சுற்றி மடித்து, சாண் சாணாக அடித்து ஒட்டி, துளைத்து, மரத்தாலான கருவியால் ஒவ்வொரு வரிப்பள்ளமாக இழுத்து வெட்டும் பழைய முறை கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. 1960களில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் வாலஸ் கஸ்லர் அதைத் திரும்பக் கற்று, குழல், லாக், கட்டை அத்தனையும் பழைய கருவிகளைக் கொண்டே செய்து காட்டினார். அவர் வேலை செய்வதைப் படமாகவும் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இந்த வேலைக்கு வந்தவர்கள் பலர்.

ஒன்று செய்து வீட்டில் அலங்காரமாக மாட்டலாமா?
*– வாசகர், சேலம்*

வேண்டாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி, குழலின் வாய் வழியாக வெடிமருந்து போடும் துப்பாக்கியானாலும் வைத்திருக்க உரிமம் வேண்டும், செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும். அமெரிக்காவில் 1968 கூட்டாட்சிச் சட்டம் இந்த வகை நகல்களைப் பழம்பொருள் கணக்கில் சேர்க்கிறது. அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உங்களுக்குச் செதுக்கு வேலை மேல்தான் ஆசை என்றால் ஒரு மரத்துண்டு போதும். பழைய கட்டைகளில் கன்னம் பதியும் இடத்துக்குப் பின்னால் செதுக்கிய சுருள் கொடியைத் தேக்கில் செய்து பாருங்கள். நம் கதவு நிலைகளில் ஓடும் கொடியைச் செதுக்கிய கைக்கு அது வரும்.

பழையதைப் பார்த்து அப்படியே செய்வது போலி செய்வதாகாதா?
*– வாசகி, சென்னை*

கோபப்படாமல் பதில் சொல்கிறேன், அம்மா. கேட்க வேண்டிய கேள்விதான்.

லங்காஸ்டரில் ஜேக்கப் டிக்கர்ட் என்று ஒருவர் இருந்தார். 1740இல் பிறந்து 1822இல் இறந்தார். எட்டுப் பட்டைக் குழலின் மேல்பட்டையில் தன் பெயரை வெட்டி வைப்பார். நான் டிக்கர்ட் பாணியில் செய்யும்போது கட்டையின் வளைவு அவருடையது, பித்தளை மூடியின் தலையில் லங்காஸ்டர்க்காரர்களுக்குப் பிடித்த டெய்சிப் பூ. பெயர் மட்டும் என்னுடையது, வருஷம் இந்த வருஷம். அப்படி வெட்டினால் நகல். வெட்டாமல் விட்டால், அல்லது அவர் பெயரை வெட்டினால், போலி.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் விற்ற ரைஃபிளில் கூச்சப்பட்டுக் கொஞ்சமாகத்தான் பெயரைக் கீறியிருந்தேன். ஒன்பது வருஷம் கழித்து ஒரு பழம்பொருள் சந்தையில் அதைப் பார்த்தேன். என் பெயர் இருந்த பட்டை அரத்தால் தேய்க்கப்பட்டுத் துருவேற்றப்பட்டிருந்தது. கட்டையில் வேண்டுமென்றே போட்ட அடிகள், எண்ணெயும் புகையும் ஏற்றிய கறுப்பு. விலைச்சீட்டில் ‘1790 வாக்கில்’ என்று இருந்தது. என் குழந்தையை யாரோ வேறு பெயரில் பள்ளியில் சேர்த்ததுபோல் இருந்தது. லாக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். குழியின் அடியில் ஓர் இடத்தில் உளி ஆழமாக இறங்கிவிட்டதால் நான் வைத்து ஒட்டிய நெல்லளவு மரச்சில்லு அப்படியே இருந்தது. என்னிடமிருந்த பழைய படத்தையும் காட்டினேன். விற்றவர் ஒன்றும் பேசாமல் சீட்டைக் கிழித்தார்.

அப்புறம் நான் மூன்று இடத்தில் பெயர் போடுகிறேன். மேல்பட்டையில் ஆழமாக ஒன்று. கட்டைக்குள் மறையும் குழலின் அடிப்பட்டையில் ஒன்று. லாக் உட்காரும் குழியின் அடிமரத்தில், கரி வைத்துச் சீவி முடித்த கடைசி நாள், தமிழில் ஒன்று.