இரண்டு லட்சம் முன்பணமா, பத்தொன்பதாயிரம் சம்பளமா?

கேள்வி: வயது 36, ஊர் ஆலங்குளம் பக்கம். எம்-சாண்ட் டிப்பரில் புளியரை வழியாகக் கேரளா லோடு ஓட்டுகிறேன். ஓனரிடம் முன்பணப் பாக்கி ₹60,000. தூத்துக்குடியில் கன்டெய்னர் டிரெய்லருக்குக் கூப்பிடுகிறார்கள்: டிரிப்புக்கு ₹2,600, மாதம் 13 டிரிப், முன்பணம் ₹2 லட்சம், மாதம் ₹5,000 பிடித்தம். தாழையூத்து சிமென்ட் பல்கரில் (தூள் சிமென்ட் ஏற்றும் டேங்கர் லாரி) சம்பளம் ₹19,000, ஓடும் நாளுக்குப் படி ₹350, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு; முன்பணம் இல்லை. தங்கை மாப்பிள்ளை லோடு ஆட்டோ வாங்க ₹90,000 கேட்கிறார். மிச்சத்தை யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போடச் சொல்கிறார் ஏஜென்ட். மனைவி பீடி சுற்றுகிறார், அவருக்கு பி.எஃப். இருக்கிறது. எதில் சேரலாம்?

பதில்: வண்டியையும் ரூட்டையும் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வேலையைப் பார்க்காமல் முன்பணத்தைப் பார்க்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. அந்த இரண்டு லட்சத்தில் 60 பழைய ஓனருக்கு, 90 மாப்பிள்ளைக்கு, 50 ஏஜென்ட்டுக்கு. உங்கள் கையில் ஒரு பைசா நிற்காது. ஆனால் 40 மாதம் அந்த டிரெய்லர் ஓனரை விட்டு நகர முடியாது. பாக்கி இருக்கிறவன் கூலி உயர்த்திக் கேட்கவும் முடியாது.

13 டிரிப் என்பது எங்கும் வண்டி நிற்காத மாதத்தின் கணக்கு. துறைமுக கேட்டில் வரிசை, யார்டில் பெட்டிக்குக் காத்திருப்பு, கம்பெனியில் சரக்கு ஏற்றத் தாமதம் என்று நாள் போகும். வண்டி காத்து நிற்பதற்கான ஹால்டிங் வாடகை ஓனருக்கு வரும். உங்களுக்கு டிரிப் காசு மட்டும்தான். பத்து டிரிப் என்றால் ₹26,000. சாப்பாட்டுச் செலவு நாளுக்கு ₹350 வீதம் 24 நாளுக்கு ₹8,400, பிடித்தம் ₹5,000. மிச்சம் ₹12,600.

பல்கரில் 24 நாள் ஓடினால் படியோடு ₹27,400. பி.எஃப். ₹1,800, இ.எஸ்.ஐ. சுமார் ₹140, சாப்பாடு அதே ₹8,400 போக ஏறக்குறைய ₹17,000 வீட்டுக்கு வரும். நிர்வாகம் தன் பங்காக இன்னொரு ₹1,800 கட்டும். பீடி சுற்றும் உங்கள் மனைவிக்கு இருக்கிற பாதுகாப்பு, கனரக வண்டி ஓட்டும் உங்களுக்கு இதுவரை இல்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பல்கரில் சேருங்கள்.

டிப்பரில் தொடரவே வேண்டாம். ஓவர்லோடுக்கு அபராதம் ₹20,000, அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு ₹2,000. அந்தச் சுமையோடு மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் போவது உங்கள் உயிர்.

₹60,000 பாக்கியை வீட்டு நகையை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து அடையுங்கள், மனைவி மனதார சம்மதித்தால் மட்டும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தாலும் முதல் மாதம் ₹600தான். மாதம் ₹6,000 அசல் கட்டினால் பத்து மாதத்தில் நகை திரும்பும். அதுவரை பல்கர் வருமானத்தில் வீட்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம், அதோடு பீடிக் கூலி. இறுக்கமான பத்து மாதம்தான். ஓனரிடம் பாக்கி தீர்ந்ததாகக் கையெழுத்து வாங்குங்கள். ஒரிஜினல் லைசென்ஸை அவர் வைத்திருந்தால் அன்றைக்கே திருப்பி வாங்குங்கள்.

மாப்பிள்ளையிடம் நேரில் போய், தங்கையும் இருக்கும்போதே, முடியாது என்று சொல்லுங்கள். ஃபைனான்ஸுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள். அவர் டியூ தவறினால் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

யூலிப் வேண்டவே வேண்டாம். ஐந்து வருஷத்துக்குக் கை வைக்க முடியாத பணத்தைக் கடன் வாங்கிப் போடுவார்களா? மத்திய அரசுத் திட்டங்களில், வங்கிக் கணக்கிலிருந்து வருஷத்துக்கு ₹20-இல் விபத்துக் காப்பீடு, ₹436-இல் ஆயுள் காப்பீடு. ஒவ்வொன்றும் ₹2 லட்சம். இரண்டையும் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.

பல்கர் ஆபீஸில் சேருமுன் ஒன்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை குறையும், லோடும் குறையும். வண்டி நிற்கும் நாளில் படி போகும், சம்பளம் முழுசாக வருமா? பி.எஃப். எண் முதல் மாதமே கையில் வர வேண்டும். வண்டியில் ஏறிய பிறகு, இறக்கும் இடத்தில், சிமென்ட்டைத் தள்ள டேங்கில் ஏற்றிய ஏர் (காற்றழுத்தம்) முழுக்க இறங்கியதை கேஜில் பார்க்காமல் மேல் மூடியைத் தொடாதீர்கள்.