சுழல் மேடை குலுங்குகிறதா? மோட்டார் வாங்குவதற்கு முன்...

கேள்வி: எங்கள் நாடகத்துக்கு 4 மீட்டர் விட்டத்தில் ஒரு சுழல் மேடை செய்திருக்கிறோம். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் தெரு. செட்டும் நடிகர்களும் சேர்ந்து 600 கிலோ வரும். ஆட்களை வைத்துத் தள்ளினால் கிறீச்சிடுகிறது. எதிர்த்திசையில் திருப்பினால் ஒரு உதறு உதறிவிட்டுத்தான் கிளம்புகிறது. மோட்டார் வைத்தால் சரியாகுமா? எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

பதில்: மோட்டாரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கையால் தள்ளும்போதே உதறும் தட்டு, மோட்டார் வைத்தாலும் உதறத்தான் செய்யும்.

திசை மாற்றினால் உதறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாப் பக்கமும் திரும்புகிற சக்கரத்தைப் போட்டிருக்கிறீர்கள் என்று அதிலேயே தெரிகிறது. சாமான் தள்ளுவண்டியைச் சட்டென்று பின்னால் இழுத்துப் பாருங்கள். சக்கரங்கள் அரைவட்டம் அடித்துத் திரும்பின பிறகுதான் வண்டி வழிக்கு வரும். உங்கள் தட்டுக்கு அடியிலும் இதுதான் நடக்கிறது.

திரும்பாத, நிலையான சக்கரங்களுக்கு மாறுங்கள். ரப்பரை விட பாலியூரித்தேன் நல்லது. பாரத்தோடு நாள்கணக்கில் நின்றால் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகி, அப்புறம் தடதடக்கும். பொருத்தும்போது மையத் தண்டில் ஒரு நூலைக் கட்டி விளிம்பு வரை விறைப்பாக இழுங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அச்சும் அந்த நூலின் மேலேயே படுத்திருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே போகும். கிறீச் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

இடம் மாற்றி மாற்றி நாடகம் போடுகிறவர்கள் என்றால், சக்கரங்களைத் தட்டில் மாட்டாமல் தரையில் ஒரு சட்டத்தில் மேல்நோக்கி மாட்டுங்கள். தரை எப்படி மேடுபள்ளமாக இருந்தாலும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே மெல்லிய தகடு செருகி மட்டம் பார்த்துக்கொள்ளலாம். தட்டின் அடிப்பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். ப்ளைவுட்டை இரண்டு அடுக்காகப் போட்டு, மேல் இணைப்பும் கீழ் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளி வையுங்கள். மையத் தண்டு தட்டை விலகாமல் பிடிக்க மட்டுமே. பாரம் முழுக்கச் சக்கரங்களுக்குத்தான்.

இப்போது முழுப் பாரத்தையும் ஏற்றி, விளிம்பில் கயிறு கட்டி, ஸ்பிரிங் தராசால் இழுங்கள். சீராகச் சுழலும்போது முள் 20 கிலோவை ஒட்டி நின்றால் நல்ல வேலை. 40-ஐத் தாண்டினால் எங்கோ ஒரு சக்கரம் கோணியிருக்கிறது, மறுபடி நூலை எடுங்கள்.

20 கிலோ இழுவை என்றால் இரண்டு பேர் தள்ளினாலே போதும். மோட்டார்தான் வேண்டுமென்றால், நிமிடத்துக்கு ஒரு சுற்று வேகத்தில் விளிம்பு நொடிக்கு 21 செ.மீ. நகரும், அதற்குச் சுமார் 40 வாட் திறன்தான் செலவாகிறது. கிளம்பும் இழுப்பையும் கியரில் போகும் இழப்பையும் சேர்த்தாலும் அரை குதிரைத்திறன் தாராளம். பிரேக் உள்ள கியர் மோட்டாராக வாங்குங்கள். மின்சாரம் போனால் அந்த பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். வேகத்தை மெதுவாக ஏற்றி இறக்க வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) கட்டாயம், இல்லையென்றால் நிற்கிற நடிகர் தடுமாறுவார்.

அவசர நிறுத்தப் பொத்தான், தட்டு முழுவதையும் கண்ணால் பார்க்கிறவர் கையில் இருக்கட்டும். அதை விடுவித்தவுடன் தட்டு தானாகக் கிளம்பக் கூடாது; மறுபடி இயக்கினால்தான் ஓட வேண்டும். தட்டு விளிம்புக்கும் நிலையான தரைக்கும் நடுவே கால்விரல் நுழையாத அளவுக்கு இடைவெளியைக் குறையுங்கள். செட்டின் சுவர் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தள்ளிவிடுங்கள். இருட்டில் பக்கத் திரைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஆள் சிக்கினால், 40 வாட்டில் ஓடுகிற தட்டும் நசுக்கும்.