ஆம்ப் (தனி ஆம்ப்ளிஃபையர்) இல்லாமல் கார் கதவு ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

தெரியும், சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால். பலர் டப்பாவின் மேல் இருக்கும் 300 வாட்ஸ் என்ற எண்ணைப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். அதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஸ்டீரியோவில் '50 வாட்ஸ் × 4' என்று எழுதியிருந்தாலும், தொடர்ந்து வருவது ஒரு சேனலுக்குச் சுமார் 15 முதல் 20 வாட்ஸ்தான். அதனால் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் பவருக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு. 90 டெசிபெல்லோ அதற்கு மேலோ இருக்கட்டும். 3 டெசிபெல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரு மடங்கு பவர் வேண்டும். இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை) 4 ஓம் இருந்தால் பெரும்பாலான ஸ்டீரியோக்களுக்குச் சரி. 2 ஓம் ஸ்பீக்கரைச் சேர்ப்பதற்கு முன், உங்கள் ஸ்டீரியோ அதைத் தாங்குமா என்று பாருங்கள்.

அளவு பெரும்பாலும் ஆறரை இஞ்ச் என்றாலும் ஆழத்தையும் அளந்துவிடுங்கள். கண்ணாடியை முழுதாக இறக்கும்போது மேக்னட்டில் இடிக்கக் கூடாது. இடித்தால் அடாப்டர் ரிங் போட்டுச் சற்று வெளியே தள்ளலாம்.

ஒயரை வெட்டவே வெட்டாதீர்கள், உங்கள் காரின் ஒயரோடு அப்படியே செருகிக்கொள்ளும் கப்ளர் கடையில் கிடைக்கும். ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் பேஸ் (கனமான அடி ஒலி) காணாமல் போகும். ஸ்பீக்கர் கெட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

அப்புறம், ட்ரிம்முக்கு (கதவின் உள்பக்க மூடிக்கு) பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துவிடாமல் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். பணம் மிச்சமிருந்தால் கதவுத் தகரத்தில் அதிர்வைக் குறைக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுங்கள். விலை உயர்ந்த ஸ்பீக்கரைவிட அதற்குத்தான் என் ஓட்டு.