தனியாக வாழும் முதியவர்களின் தனிமையைப் போக்கத் திருச்சபை என்ன செய்யலாம்?

"கிறிஸ்துமஸ் கேக், சால்வை தவிர வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம் ஒன்றை, அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபை வட்டாரத்தை, மனதில் வைத்துச் சொல்கிறேன். பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட, பெரியவர் மட்டும் இருக்கும் வீடுகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியமும் (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையும் வீடு சந்திக்கும் பழக்கத்தை ஏற்கெனவே வைத்திருப்பதால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

முதலில் பட்டியல். அங்கத்தினர் பதிவேட்டிலிருந்து 70 வயது தாண்டிய எல்லாரையும் எழுதினால் மலைத்துப்போய் விட்டுவிடுவீர்கள். சங்கக் காணிக்கை (அங்கத்தினர் சபைக்குத் தரும் மாதச் சந்தா) நோட்டைப் பாருங்கள். காணிக்கை மாதம் தவறாமல் வருகிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கையில் வருகிறது என்றால், நீங்கள் தேடும் ஆள் அவர்தான். மூன்று மாதமாக நற்கருணைக்கு வராதவர், ஓராண்டுக்குள் துணையை இழந்தவர் ஆகியோரையும் சேருங்கள். துக்க வீட்டில் முதல் சில வாரம் ஆள் இருக்கும்; பிள்ளைகள் ஊர் திரும்பிய பிறகுதான் வீடு வெறிச்சோடும். அந்த மாதங்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். விட்டுப்போன பெயர்களைக் கோயில்பிள்ளையும் (ஆலயப் பணியாளர்) பால்காரரும் சொல்லிவிடுவார்கள்.

20 பேர் தேறினால் ஒரு ஜோடிக்கு மூன்று வீடு என்று ஏழு ஜோடி வேண்டும், மாற்றுக்கு இன்னும் ஒரு ஜோடி. ஆக 16 பேர். ஒரு வாரம் நேரில், மறுவாரம் போனில். கிழமை, நேரம், ஆள் மூன்றும் மாறக் கூடாது. வியாழன் நாலு மணிக்கு வருவார்கள் என்று தெரிந்தால் புதன்கிழமையே அவருக்கு ஒரு எதிர்பார்ப்பு வந்துவிடும். பாதிப் பலன் அதில்தான் இருக்கிறது. வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

பத்துப் பேர் கூட்டமாகப் போய், ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு போட்டோ என்று கால்மணி நேரத்தில் கிளம்புவதை நம் சபைகளில் சந்திப்பு என்கிறோம். அதில் பெரியவர் வாய் திறந்திருக்கவே மாட்டார். முக்கால் மணி நேரம் உட்காருங்கள், அவர் பேசட்டும், ஜெபம் கடைசியில். நாற்பது வருடம் டீச்சராக இருந்தவரை 'டீச்சர்' என்றே கூப்பிடுங்கள். காது மந்தமென்றால் கத்தாதீர்கள்; டிவியை அணைத்துவிட்டு, முகம் தெரிகிற மாதிரி எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் போதும். போட்டோவும் வாட்ஸ்அப் குழுப் பதிவும் வேண்டவே வேண்டாம்.

பணம் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. ஏடிஎம் கார்டு, பத்திரம், உயில் எதையும் தொடக் கூடாது. ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குப் போனால் திட்டம் அன்றோடு முடிந்தது. சேகரத் தேர்தல் சமயத்தில் வேட்பாளராக நிற்பவர் சந்திப்பிலிருந்து ஒதுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாம் ஓட்டுக் கேட்கும் வேலையாகிவிடும். (சிரிக்காதீர்கள், நம் சபைத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.)

ஆலயத்துக்கே வரவைக்க நினைத்தால் பிரசங்கத்தை விடக் கழிப்பறையைக் கவனியுங்கள். இரண்டு மணி நேர ஆராதனைக்குப் பெரியவர்கள் வரத் தயங்குவதற்கு அது ஒரு பெரிய காரணம், வெளியே சொல்ல மாட்டார்கள். வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை. சாய்தளம் 1:12 என்ற அளவில் இருக்க வேண்டும்: படி 30 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 3.6 மீட்டர் நீளம். இடமில்லை என்று குறுக்கினால் சக்கர நாற்காலி பின்னால் சரியும். மூன்று பேருக்கு ஒரு ஆட்டோ பேசுங்கள். ஏறி இறங்க உயரம் குறைந்த, உறுதியான ஸ்டூல் ஒன்று ஆட்டோவிலேயே இருக்கட்டும். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்குப் பத்து மணிக்குத் தனியாக ஒன்று வைக்கலாம்.

அவர்களுக்கு வேலையும் கொடுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் (ஞாயிறு வேதாகம வகுப்பு) பிள்ளைகள் மனப்பாட வசனத்தைப் போனில் ஒப்பிக்க, கேட்டுத் திருத்துவது ஆச்சியின் பொறுப்பு. பாடகர் குழுவில் இருந்த தாத்தா சிறுவர்களுக்கு சோல்ஃபா (டோ-ரே-மி எழுத்துகளில் பாட்டு படிக்கும் முறை) சொல்லித் தரலாம். அசனப் பொதி (சபை விருந்துச் சாப்பாட்டுப் பொட்டலம்) வாங்கும் இடத்திலேயே ஒருவரை வருடம் முழுக்க உட்கார வைத்தால் அவருக்கும் அலுத்துவிடும்.

சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்ற பேச்சு வருகிறது என்றால் அது வெறும் தனிமை இல்லாமலும் இருக்கலாம். ஜெபித்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஐயரிடமும் (சபை குருவானவர்) பிள்ளைகளிடமும் அன்றே சொல்லி, மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் போன் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.