நாட்டுக்கு ஒரு நூல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு மேல்வகுப்பு மாணவர்களுக்கு உலக இலக்கியப் பாடத்தை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பட்டியலில் ஒன்பது நூல்கள் உள்ளன. கில்காமேஷ் காவியம், ஒடிசி, ஆண்டிகனி, இப்சனின் ‘பொம்மை வீடு’, தல்ஸ்தோயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’, காஃப்காவின் ‘உருமாற்றம்’, தாகூரின் ‘கீதாஞ்சலி’, எலீ வீசலின் ‘இரவு’, சினுவா அச்சிபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’.

ஒவ்வொரு நூலையும் தொடங்கும் முன் மாணவர்கள் அந்த நாட்டைப் பற்றி ஸ்லைடுகள் தயாரித்து வருகிறார்கள். வரைபடம், கொடி, உடை, மதம், பழக்கவழக்கங்கள். அதை உற்சாகமாகவே செய்கிறார்கள். நூலுக்குள் நுழைந்ததும் உற்சாகம் வடிந்துவிடுகிறது. நைஜீரியாவின் இக்போ மக்களைப் பற்றிய அச்சிபேயின் நாவலை முடித்தபின் ஒரு மாணவன், “இக்போ மக்கள் இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் விட்டுவிடுவார்கள்” என்று ஒரே வரியில் தன் கருத்தை எழுதிக் கொடுத்தான். அதில் ஏதோ தவறு இருப்பது எனக்குத் தெரிந்தது. என்ன தவறு என்று அவனுக்கு விளக்க என்னால் முடியவில்லை.

ஒரு மாணவியின் தந்தை, ஆங்கில வகுப்பில் ஆங்கில எழுத்தாளர்களை விட்டுவிட்டு இவை எதற்கு என்று கேட்டார். எனக்கும் பண்டைய கிரேக்கமோ நைஜீரியாவோ தெரியாது. தெரியாத உலகங்களை எந்தத் தகுதியில் நடத்துவது?

அன்புடன்,
பி.

அன்புள்ள பி,

அந்த மாணவன் எழுதிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் தகவல் நாவலில் இருக்கிறது, அதில் பிழை இல்லை. நாவலுக்குள் அந்த வழக்கத்தைத் தாங்க முடியாமல் தவித்த மனிதர்கள் அவன் வரியில் இல்லை. அவர்களைத் தவறவிட்டால் அந்த நாவலில் பெரும்பகுதி கைநழுவிப் போய்விடுகிறது.

ஒபியெரிகாவை நினைத்துப் பாருங்கள். கதைநாயகன் ஒக்கொன்க்வோவின் உயிர் நண்பர், ஊரில் மதிப்புள்ளவர். ஒக்கொன்க்வோவின் துப்பாக்கி தற்செயலாக வெடித்து ஒரு சிறுவன் இறந்ததும், ஊர் விதிப்படி ஒக்கொன்க்வோவின் வீட்டை இடித்து எரிக்க வந்த கூட்டத்தில் அவரும் ஒருவராக நிற்கிறார். அதைச் செய்து முடித்தபின் தனியே உட்கார்ந்து யோசிக்கிறார். அறியாமல் செய்த பிழைக்கு ஒரு மனிதன் ஏன் இவ்வளவு துன்பப்பட வேண்டும்? விடை கிடைக்கவில்லை. அந்த யோசனையின் ஊடே, தான் காட்டில் கொண்டுபோய் விட்ட தன் இரட்டைக் குழந்தைகள் அவருக்கு நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் செய்த குற்றம்தான் என்ன?

ஒக்கொன்க்வோவின் மகன் நுவோயே இன்னொருவன். அறுவடை முடிந்து திரும்பும் வழியில் காட்டுக்குள்ளிருந்து ஒரு சிசுவின் அழுகுரலைக் கேட்கிறான். அன்று அவனுக்குள் ஒன்று உடைகிறது. அண்ணனைப் போல அவனோடு வளர்ந்த இகெமெஃபுனா கொல்லப்பட்ட இரவில் அது மறுபடியும் உடைகிறது. பிறகு மிஷனரிகள் ஊருக்கு வந்து பாடும்போது, அவர்களின் இறையியல் ஒன்றும் புரியாமலேயே அவன் அந்தப் பாட்டின் பக்கம் சாய்கிறான். அவனைத் துளைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு அந்தப் பாட்டு விடை சொல்வதுபோல் இருந்தது. வெள்ளையர் வருகையால் ஓர் ஊர் சிதைந்த கதை என்று மட்டும் அந்த நாவலைச் சுருக்குபவர்கள், அந்த ஊருக்குள் முன்பே ஓடிக்கொண்டிருந்த இந்த விரிசலைப் பார்ப்பதில்லை.

1958இல் வெளிவந்த அந்த நாவலை எழுதிய அச்சிபே, தன் நூல் எப்படியெல்லாம் வாசிக்கப்படும் என்பதை அறிந்துதான் அதை முடித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒக்கொன்க்வோ தானே தூக்கிட்டுத் தொங்குகிறான். பிரிட்டிஷ் மாவட்ட ஆணையர் வந்து பார்க்கிறார். அவர் ஒரு புத்தகம் எழுதத் திட்டமிட்டிருக்கிறார், கீழ் நைஜர் பகுதியின் ‘காட்டுமிராண்டிப் பழங்குடிகளை’ அடக்கியது பற்றி. இந்த மனிதனைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதலாம் என்று நினைக்கிறார். பிறகு, அத்தியாயம் வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று முடிவுசெய்கிறார். இத்தனை பக்கங்கள் நாம் உடன் வாழ்ந்த ஒருவன் ஒரு பத்தியாகச் சுருங்குகிறான். நாவல் அங்கே முடிகிறது.

உங்கள் மாணவனிடம் இந்தக் கடைசிப் பக்கத்தையும் அவன் எழுதிய வரியையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். கண்டிக்க வேண்டாம். அவனுக்கு அந்த வடிவத்தைக் கொடுத்தது வகுப்புதான். கொடியும் உடையும் பழக்கவழக்கமும் தேடச் சொல்லிவிட்டு நூலுக்குள் அனுப்பினால், அவன் நூலுக்குள்ளும் பழக்கவழக்கத்தைத்தான் தேடுவான். ஆகவே ஸ்லைடுகளை நிறுத்திவிடுங்கள். நான் சொல்லும் யோசனைகளில் ஒன்றே ஒன்றை மட்டும் ஏற்பீர்கள் என்றால் இதை ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். நாட்டுக்கு ஒரு நூல் என்று பங்கிட்டு, நூலை அந்த நாட்டின் பிரதிநிதியாக நிறுத்தும் முறை, மேலான நூல்களுக்கு இழைக்கப்படும் அநீதி. எந்தப் பெரிய எழுத்தாளரும் தன் நாட்டை அறிமுகப்படுத்த எழுதுவதில்லை. தன் மக்களோடு வழக்காடவே எழுதுகிறார்.

ஸ்லைடுகளின் இடத்தில் எல்லா நூல்களுக்கும் பொதுவாக ஒரு கேள்வியை வையுங்கள். இந்த நூலுக்குள் தன் ஊரோடும் தன் வீட்டோடும் உடன்படாதவர் யார்? அவருக்கு என்ன நேர்கிறது?

கிரேக்க நாடகமான ஆண்டிகனியில் இதற்கு விடை எளிது என்று மாணவர்கள் நினைப்பார்கள். அரசன் கிரியோன் அடக்கம் செய்யக் கூடாது என்று ஆணையிட்ட தமையனின் உடலுக்கு மண் இடுகிறாள் ஆண்டிகனி. கேள்வியை அங்கே நிறுத்திவிடாதீர்கள். கிரியோனின் மகன் ஹேமன் தந்தையிடம் பேசும் காட்சிக்கு ஒரு முழு வகுப்பையும் கொடுங்கள். ஊர் மக்கள் அந்தப் பெண்ணுக்காக இருளில் முணுமுணுக்கிறார்கள், உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல அஞ்சுகிறார்கள் என்கிறான் அவன். தந்தை மீதான மரியாதையில் தொடங்கும் பேச்சு, ஆள் இல்லாத பாலைவனத்தைத்தான் நீங்கள் தனியாக நன்றாக ஆளலாம் என்பதில் போய் முடிகிறது. பதினாறு வயதுப் பிள்ளைகள் இந்தக் காட்சியை உடனே அறிந்துகொள்வார்கள். கிரேக்கச் சமயச் சடங்குகள் பற்றிய முன்னுரை அவர்களுக்குத் தேவைப்படாது.

அதே நாடகம் பிறகு எங்கெல்லாம் போயிற்று என்றும் சொல்லுங்கள். 1944இல் நாஜிகளின் பிடியில் இருந்த பாரிஸில் பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் அனூயி அதைத் தன் வழியில் மறுபடி எழுதி மேடையேற்றினார். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் ஆண்டிகனியை நடித்தார்கள், அதில் கிரியோன் வேடம் ஏற்றவர் நெல்சன் மண்டேலா. அந்நாட்டு நாடகக் கலைஞர்கள் அதோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் ன்ட்ஷோனா மூவரும் சேர்ந்து 1973இல் உருவாக்கிய ‘தி ஐலண்ட்’ நாடகத்தில் இரண்டு கைதிகள் சிறைக்குள் ஆண்டிகனியை ஒத்திகை பார்க்கிறார்கள். ஆண்டிகனி எந்த நாட்டின் நூல் என்று இனி யார் சொல்வது? சீன நாவல் ஒன்றை மொழிபெயர்ப்பில் வாசித்துக்கொண்டிருந்த ஜெர்மன் கவிஞர் கதே, 1827 ஜனவரியில் தன் உதவியாளர் எக்கர்மானிடம் உலக இலக்கியத்தின் காலம் நெருங்கிவிட்டது என்று சொன்னபோது, நூல்களின் இப்படிப்பட்ட பயணத்தைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

காஃப்காவிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோனால் வேறொன்று நடக்கிறது. கிரகர் சாம்சா பூச்சியாக விழித்தெழுகிறான். அவனுடைய கவலை என்ன? ஐந்து மணி ரயில் போய்விட்டதே என்பது. அலுவலக மேலாளர் வீடு தேடி வருகிறார். அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் கதவுக்கு வெளியே. உடன்படாதவர் யார் என்று மாணவர்கள் தேடித் தேடிப் பார்ப்பார்கள். இல்லை. இது ஏன் நடந்தது, இப்படி நடக்கலாமா என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை, கிரகரே கேட்பதில்லை. ஒரு வகுப்பு முழுக்கத் தேடிவிட்டு இந்த இல்லாமையை அவர்களே கண்டுபிடிக்கும்போது, அந்தக் கதையின் பயங்கரம் தானாக விளங்கும். இங்கே ஒரு சிறு வேண்டுகோள். பூச்சியை வரைந்து வரச் சொல்லும் பயிற்சி பல வகுப்புகளில் உண்டு. அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று 1915இல் காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். அவர் விருப்பத்தை மதிப்போம்.

‘பொம்மை வீடு’ பற்றி ஒன்று மட்டும். 1879இல் வெளிவந்த அந்த நாடகத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நார்வேப் பெண்களின் நிலை என்று நடத்துகிறார்கள். நோரா கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறுவதை அந்தக் கால ஐரோப்பாவால் செரிக்க முடியவில்லை. ஜெர்மன் மேடைக்காக, அவள் பிள்ளைகளைப் பார்த்து மனம் உடைந்து தங்கிவிடுவதாக ஒரு மாற்று முடிவை இப்சனே எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அதை ஒரு காட்டுமிராண்டித்தனம் என்று அவரே சொன்னார். இரண்டு முடிவுகளையும் மாணவர்கள் நடித்துப் பார்க்கட்டும்.

பின்னணியே தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீசலின் ‘இரவு’ நூலுக்கு அது கட்டாயம் வேண்டும், முன்கூட்டியே வேண்டும். 1944 மே நடுவிலிருந்து ஏறத்தாழ எட்டு வாரங்களில் ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அனுப்பப்பட்டார்கள், பெரும்பாலோர் நாஜிகளின் ஆஷ்விட்ச் வதைமுகாமுக்கு. அப்போது ஹங்கேரியின் ஆளுகையில் இருந்த சிகெட் நகரத்தின் பதினைந்து வயதுச் சிறுவன் வீசல் அவர்களில் ஒருவன். இதை அறியாமல் அந்த நூலைத் திறக்கக் கூடாது. அறிந்தபின் அதே கேள்வியைக் கேளுங்கள். கொலைக்களத்திலிருந்து தப்பித் திரும்பி வந்து ஊரை எச்சரிக்கும் மோஷேவை ஒருவரும் நம்பவில்லை. ரயில் பெட்டிக்குள் ‘நெருப்பு, நெருப்பு’ என்று கதறும் பெண்ணைக் கூட வந்தவர்களே கட்டிப்போட்டு அடிக்கிறார்கள். ரயில் நின்றபோது நெருப்பு இருந்தது. அந்தப் பக்கங்களை வாசித்த பிறகு வகுப்பில் பேச்சு எழாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அன்று ஒரு கட்டுரையும் எழுதச் சொல்லாதீர்கள்.

அந்தத் தந்தைக்கு என்ன சொல்வது? ஆங்கில இலக்கியம் தன் வீட்டுக் கதவை என்றும் திறந்தே வைத்திருந்தது என்று சொல்லுங்கள். ஷேக்ஸ்பியர் தன் ரோமானிய நாடகங்களுக்குப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க்கை எடுத்துக்கொண்டது தாமஸ் நார்த்தின் 1579ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பிலிருந்து. ஆங்கிலக் கவிஞர் கீட்ஸுக்குக் கிரேக்கம் தெரியாது. சாப்மனின் மொழிபெயர்ப்பில் ஹோமரை வாசித்த பரவசத்தில்தான் 1816இல் அந்தப் புகழ்பெற்ற பதினான்கு வரிக் கவிதையை எழுதினார். ஆங்கில நாவலின் தூண்களில் ஒருவராகிய ஜோசப் கான்ராட், போலிஷ் பேசி வளர்ந்தவர். அச்சிபே ஆங்கிலத்திலேயே எழுதினார், தன் நாவலின் தலைப்பை ஐரிஷ் கவிஞர் யேட்ஸின் வரியிலிருந்து எடுத்துக்கொண்டார். அதே அச்சிபே 1975இல் ஓர் உரையில் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலை இனவெறி கொண்டது என்று கடுமையாகச் சாடினார். உங்கள் வகுப்பில் மேலும் வாசிக்க விரும்பும் மாணவர்கள் இருந்தால் அந்த உரையைக் கொடுங்கள். புகழ்பெற்ற ஒரு நூலின் மீது ஒரு வாசகர் கோபப்படலாம், அந்தக் கோபத்துக்குப் பக்கம் பக்கமாகச் சான்று காட்ட வேண்டும் என்பதை அவர்கள் அதில் கற்றுக்கொள்வார்கள். ஆங்கில வகுப்பில் கற்க வேண்டிய திறன் இதைவிட வேறென்ன?

உங்கள் தகுதி பற்றிய கவலையை எடுத்துவைத்துவிடுங்கள். நைஜீரியாவை நடத்தும்படி உங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு நாவலை வரிவரியாக வாசிக்கக் கற்றுத்தர வேண்டும், அது உங்கள் தொழில். அச்சிபே தன் உலகத்தை அறியாத வாசகருக்கும் சேர்த்தே எழுதியவர். அமைதி வாரம் என்றால் என்ன, தலைவிதியை ஆளும் ‘சி’ என்றால் என்ன என்பதை நாவலே பொறுமையாகச் சொல்லித்தருகிறது. மாணவர்கள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாதபோது, அடுத்த வகுப்புக்குள் தேடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேடி வாருங்கள். மொழிபெயர்ப்பாளரின் பெயரைக் கரும்பலகையில் ஆசிரியரின் பெயருக்குக் கீழே எழுத மறக்காதீர்கள். அவர் வழியாகத்தான் நாம் அனைவரும் உள்ளே போகிறோம்.

இனி பட்டியல். ஒன்பது நூல்கள் மிக அதிகம். ஐந்தை முழுமையாக வையுங்கள், ஆண்டிகனி, பொம்மை வீடு, உருமாற்றம், இரவு, அச்சிபே, இதே வரிசையில். கில்காமேஷில் நண்பன் என்கிடு இறந்தபின் கில்காமேஷ் புலம்பும் பகுதியை ஒருநாள் வகுப்பில் உரக்க வாசியுங்கள். கீதாஞ்சலியிலிருந்து மூன்று நான்கு கவிதைகள் போதும். ஒடிசியில், ஒடிசியஸின் மகன் தெலமாக்கஸ் பணிப்பெண்களைத் தூக்கிலிடும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுக்காகப் பேசியவர் யார் என்று கேளுங்கள். தல்ஸ்தோயை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சாகும் எஜமானனிடம் பொய் சொல்லாத ஒரே மனிதனான வேலைக்காரன் கெராசிமுக்காக. ஆனாலும் அந்தக் குறுநாவலைப் பாடத்திலிருந்து எடுத்து வகுப்பு அலமாரியில் வையுங்கள். கேட்டு வரும் மாணவருக்குக் கொடுங்கள்.

ஆண்டு முடிவில் தேர்வுக்கு ஒரு வினா வேண்டுமென்றால், ஒபியெரிகாவும் ஹேமனும் சந்தித்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் நூலிலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இயலுமானால், அந்த ஒற்றை வரியை எழுதிய மாணவனின் விடையை எனக்கு அனுப்பிவையுங்கள்.